காணாமப் போன நானூத்திப் பன்னிரண்டு அட்டைங்க

மணி ரெண்டே கால். அஞ்சு மணிக்குள்ள அட்டைங்க கிடைக்கலைன்னா, அதைப் பார்த்துக்குற அந்தம்மாவுக்கு வேலை போயிடும். விஷயம் அவ்வளவுதான். அதை அகராதி ஆபீஸ் முதலாளி மூணு தடவை சொல்லிட்டார், என்னமோ எங்களுக்குக் காது கேக்காத மாதிரி.

"அஞ்சு மணி. ஞாபகம் இருக்கட்டும்" என்று நாலாவது தடவையும் ஆரம்பிச்சார்.

"எங்ககிட்டயும் கடிகாரம் இருக்கு சார்" என்றேன். மேஜைக்கு அடியில அண்ணி என் காலை ஒரு மிதி மிதிச்சாங்க.

அண்ணின்னா என் சொந்த அண்ணனோட மனைவி. துப்பறியும் ஆபீஸ் அவங்களோடது. நான் அங்கே சம்பளம் வாங்குற உதவியாளன். கல்யாணமாகி வந்த முதல் வாரத்துலயே, அண்ணன் வீடு முழுக்க ஒளிச்சு வச்சிருந்த அஞ்சு சிகரெட் பாக்கெட்டையும் தேடி எடுத்து, காபி டம்ளர் பக்கத்துல வரிசையா அடுக்கி வச்சவங்க. அன்னிக்கு அண்ணன் முழிச்ச முழியைப் பார்த்ததும் நான் கட்சி மாறிட்டேன்.

அந்த ஆபீஸ் ஒரு பெரிய ஹால். மூணு சுவர்லயும் தரையில இருந்து தலை உயரத்துக்கு மர இழுப்பறைங்க. உள்ளே நெருக்கி அடுக்கின அட்டைங்க, எல்லாம் ஒரே பழைய மிஷின்ல டைப் அடிச்சது. யாராவது எங்கேயாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பேசினா, அந்த வாக்கியத்தை அப்படியே பிடிச்சு ஒரு அட்டையில ஏத்திடுவாங்க. எங்கே கேட்டது, யார் சொன்னது, என்ன தேதி, சேகரிச்சது யாருன்னு நாலும் கீழே இருக்கணும். அந்த அட்டைங்களை வச்சுத்தான் அகராதி எழுதுறது. இப்போ காணாமப் போனது ஒரே ஒரு வார்த்தையோட அட்டைங்க. 'செட்'.

"ஒரு வார்த்தைக்கு நானூத்திப் பன்னிரண்டு அட்டையா?" என்று கேட்டேன்.

"கம்மிங்க அது" என்றார் பிழை திருத்துறவர். இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். சட்டைப் பையில சிவப்புப் பேனா, வலது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருக்கு. "சூரியன் மறைஞ்சாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட். உடைஞ்ச எலும்பைச் சேர்த்து வைக்கிறது, எலிக்குப் பொறி வைக்கிறது, அலாரம் வைக்கிறது, டென்னிஸ்ல ஆறு கேம் ஜெயிக்கிறது, சினிமாவுக்குப் பலகையில வீடு கட்டுறது…"

"எங்க வீட்டுல அண்ணனும் நானும் ஒரு செட்டுன்னு அண்ணி திட்டுவாங்க."

"அதுவும் இருக்கு. இருநூத்தி ஆறாவது அட்டை."

நம்ம குடும்பச் சண்டைக்கே அட்டை போட்டு வச்சிருக்காங்களே!

அண்ணி வேலையை ஆரம்பிச்சாங்க. இழுப்பறைக்கெல்லாம் பொறுப்பு அட்டைக்காரம்மான்னு எல்லாரும் கூப்பிடுற அந்தம்மாதான். அம்பது வயசு, கண்ணாடியைக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்கவிட்டிருக்காங்க. அழலை. ஆனா கண்ணாடியை எடுத்து எடுத்துத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க.

"பத்தொன்பது வருஷம் மேடம். ஒரு அட்டை தொலைஞ்சதில்லை. இன்னிக்குக் காலையில வந்து திறந்தா, 'செட்' இழுப்பறை காலி. அட்டையைக் கோத்து வைக்கிற கம்பி மட்டும் கிடக்குது."

"சாவி?"

"என் இடுப்புலதான்."

"நேத்து அதை வேற யாருக்காவது கொடுத்தீங்களா?"

"வேற யாருக்கும் கொடுக்கலை மேடம்."

"அதான், வேற யாரு?" முதலாளி பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டே உள்ளே புகுந்தார். "அடுத்த தெருவுல ஒருத்தன் போட்டிக்கு அகராதி போடுறான். அவனுக்கு வித்திருக்காங்க. எனக்குத் தெரியாதா?"

"என் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்துட்டாரு" என்றாங்க அந்தம்மா, என்னைப் பார்த்து. "நீங்களே சொல்லுங்க தம்பி, நானூத்திப் பன்னிரண்டு அட்டை டிபன் பாக்ஸ்ல அடங்குமா? பொண்ணு காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறா. வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். இந்தப் பேரோட வெளியே போனா எவன் எனக்கு வேலை கொடுப்பான்?"

எனக்கு அந்த முதலாளியைப் பிடிக்கவே இல்லைன்னு இங்கேயே சொல்லிடுறேன். ஒரு மனுஷியோட சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்க்குற ஆளை எப்படிப் பிடிக்கும்?

அவசரத்துக்குக் காரணம் இது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அச்சகத்துல மிஷின் ஓடணும். ஆனா எந்தப் பக்கமும் அட்டைங்களோட ஒரு தடவை ஒத்துப் பார்க்காம அச்சுக்குப் போகக் கூடாது. அந்த ஆபீஸோட சட்டம் அது. அட்டை இல்லைன்னா 'செட்' பக்கம் நின்னுடும், அதுக்குப் பின்னால இருக்கிற எல்லாமே நின்னுடும்.

அந்தப் பக்கத்தை எழுதினவர் மூலையில உட்கார்ந்திருந்தார். தலைமைப் பதிப்பாசிரியர். அங்கே எல்லாருக்கும் 'ஐயா'. அந்த ஒரு வார்த்தையோட பதினோரு மாசம் குடும்பம் நடத்தினவராம். போன வாரம் முதலாளி, "இன்னும் எத்தனை நாள்யா?"ன்னு கேட்டதுக்கு, "முடிச்சாச்சு. இந்த வார்த்தைக்கு இனி ஒரே ஒரு பொருள் பாக்கி இருந்தாலும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்து போயிடுறேன்"ன்னு எல்லார் முன்னாடியும் சவால் விட்டாராம்.

"ஐயா, உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று அண்ணி கேட்டாங்க.

அவர் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, 'இல்லை' என்று எழுதி நீட்டினார்.

"இந்தம்மா எடுத்திருப்பாங்களா?"

இன்னொரு சீட்டு. 'தெரியாது.' அதை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குச்சு.

"ஊமையா?" என்று பிழை திருத்துற அந்தச் சிவப்புப் பேனாகிட்ட கிசுகிசுத்தேன்.

"ஐயோ, மூச்சு விடாம பேசுறவர்ங்க! நேத்து மத்தியானத்துல இருந்துதான் இப்படி. பாவம், மனசு உடைஞ்சு போச்சு" என்று அவர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டார். கிராம்புத் தைலம் வாசனை குப்னு அடிச்சுது.

மணி மூணு. எஸ் வரிசை முழுக்க, குப்பைக் கூடை, பீரோ மேல, பீரோ கீழ, எல்லா இடத்துலயும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடியாச்சு. ஒண்ணும் இல்லை. எனக்குத் தலை வலிச்சுது.

"இந்த ஆபீஸ்ல டீ கிடைக்குமா?"

"கிடைக்கும். டி வரிசை, கீழேயிருந்து ரெண்டாவது இழுப்பறை" என்றார் சிவப்புப் பேனா. கன்னம் அந்த வீக்கம் வீங்கியும் நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

எனக்கும் கோபம் வந்துடுச்சு. டீ தராட்டி போங்கடா, அட்டையிலயாவது பார்த்துக்கிறேன்னு அந்த இழுப்பறையைப் பிடிச்சு இழுத்தேன். வரலை. காலை ஊனி இழுத்ததும் படார்னு வந்து, நான் பின்பக்கமா உட்கார்ந்துட்டேன்.

"பார்த்து தம்பி!" என்று ஓடி வந்தாங்க அட்டைக்காரம்மா. என்னைத் தூக்கலை, இழுப்பறையைத்தான் பிடிச்சாங்க. "இது இப்படி முரண்டு பிடிக்காதே. ரெண்டு விரலால இழுத்தா வந்துடுமே."

நான் தரையில உட்கார்ந்தபடியே டீங்கிற வார்த்தையோட அட்டைங்களைப் புரட்டினேன். 'எங்க மேனேஜர் ரிட்டயர் ஆனப்ப எல்லாரும் சேர்ந்து ஒரு டீ செட் வாங்கிக் கொடுத்தோம்.' மேல் மூலையில தலைப்பு: செட். எண் முப்பத்தி ஒண்ணு.

"அண்ணி" என்றேன். "டீ கிடைச்சிடுச்சு."

அண்ணி வந்து அந்த அட்டையை வாங்கிப் படிச்சாங்க. அப்புறம் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு வந்தா என் அண்ணன் எழுந்து வாசப்பக்கம் போயிடுவார்.

"திருடினவர் இதை எரிச்சிருக்கலாம். கிழிச்சுப் போட்டிருக்கலாம். என்ன பண்ணியிருக்கார் பாருங்க. டீ செட்டை டீ வார்த்தையில, ஒழுங்கா, அகர வரிசையில கம்பியில கோத்து வச்சிருக்கார். அட்டையை அழிக்க மனசு வரலை. சும்மா ஒரு மூலையில திணிக்கக்கூட மனசு வரலை. வெளி ஆளுக்கு இந்த வியாதி வராது. மீதி நானூத்திப் பதினொண்ணும் இந்த ஹால்லயேதான் இருக்கு."

"எங்கேன்னு தேடுறது? இங்கே லட்சக்கணக்குல அட்டை இருக்கு!" என்று முதலாளி கத்தினார்.

"எந்த இழுப்பறை முரண்டு பிடிக்குதோ அங்கே" என்றாங்க அண்ணி.

அப்புறம் பார்க்கணுமே! அட்டைக்காரம்மா ஒரு சுற்று வந்தாங்க. ஒவ்வொரு இழுப்பறையையும் ரெண்டு விரலால தொட்டு, "இது சரி, இது சரி, இது இறுக்கம்"ன்னு சொல்லச் சொல்ல, நானும் சிவப்புப் பேனாவும் பின்னாலயே எடுத்துக்கிட்டு வந்தோம். சூரியன்ல பதினாறு. எலும்புல ஒன்பது. சிமெண்ட்ல, ஜெல்லியில, அலாரத்துல, எலியில. தலைமுடியை வளைச்சு நிக்க வைக்கிறதுக்கும் செட்டாம், அது பன்னிரண்டு. ஐயா மட்டும் இடத்தை விட்டு அசையலை. மூக்குக்கு நேரா சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

நாலரைக்கு எல்லாம் மேஜை மேல வந்து சேர்ந்தது. அட்டைக்காரம்மா எண்ணினாங்க. முகம் ஒரு மாதிரி ஆச்சு. மறுபடியும் எண்ணினாங்க.

"மேடம், நானூத்திப் பதிமூணு இருக்கு."

"எவ்வளவு இருந்தா என்ன? கிடைச்சுதுல்ல?" முதலாளி கையைத் தட்டினார். "ஆனா இந்தம்மா வெளியேதான் போகணும். ஒளிச்சு வச்சதும் இவங்கதான். சாவி யார்கிட்ட இருந்துச்சு? எது எங்கே போகும்னு இவங்களை விட யாருக்குத் தெரியும்?"

அட்டைக்காரம்மா கையில இருந்த கட்டு மேஜையில சரிஞ்சுது. தேடிக் கொடுத்த திறமையே அவங்க கழுத்துக்குக் கத்தியா வந்து நின்னுடுச்சு.

"இருங்க சார், இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்றாங்க அண்ணி. "அந்த அதிக அட்டையை எடுங்கம்மா. எண் போடாதது ஒண்ணு இருக்கணும்."

இருந்துச்சு. டி வரிசையில 'டூத்', அதாவது பல் என்கிற வார்த்தையில கிடைச்ச அட்டை. அண்ணி சத்தமா படிச்சாங்க.

"'சார், உங்க பல் செட் ரெடி.' கேட்ட இடம்: பல் டாக்டர் கிளினிக். சொன்னவர்: வரவேற்பு மேஜைப் பெண். தேதி நேத்தோடது. சேகரிச்சவர்… அந்த இடம் மட்டும் காலி."

சிவப்புப் பேனாதான் முதல்ல முணுமுணுத்தார். "பல் செட்… அது நம்ம பக்கத்துல இல்லையே! விட்டுப் போச்சே!"

எனக்குப் பொறி தட்டிடுச்சு. வீங்கின கன்னம். கிராம்புத் தைலம். பல் டாக்டர். நான் பாய்ஞ்சு அவர் சட்டைக் காலரைப் பிடிச்சேன்.

"குட்டு வெளிப்பட்டுடுச்சு தம்பி! நேத்து பல் டாக்டர்கிட்ட போனது நீதானே? வாயைத் திற!"

அவர் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டே வாயைத் திறந்தார். உள்ளே முப்பத்திரண்டும் சொந்தப் பல். வரிசை தப்பாம, பளபளன்னு, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொத்தை.

"பல் வலிக்குதுன்னா பல் இருக்குன்னு அர்த்தம்" என்றாங்க அண்ணி. "காலரை விடுங்க."

விட்டேன். மூக்குடைபட்டு ஓரமா நின்னேன். அந்தச் சிவப்புப் பேனாப் பையன் மட்டும் என்னைப் பார்த்து, "இப்ப டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டான். அவன் நல்லா இருக்கட்டும்.

"அட்டை காணோம்னு தெரிஞ்சது எப்போ?" என்று அண்ணி எல்லாரையும் பார்த்துக் கேட்டாங்க.

"இன்னிக்குக் காலையில" என்றார் முதலாளி.

"ஐயா பேச்சை நிறுத்தினது நேத்து மத்தியானம். துக்கம் முந்தின நாளே வந்துடுமா?"

அண்ணி அட்டைக்காரம்மா பக்கம் திரும்பினாங்க. "சாவியை யாருக்கும் கொடுக்கலைன்னு சொன்னீங்க. ஐயாவுக்கு?"

"ஐயாவுக்கா? நேத்து சாயங்காலம் நான் கிளம்பும்போது சீட்டுல எழுதிக் கேட்டாரு, கொடுத்தேன். காலையில திருப்பிக் கொடுத்துட்டாரு." அந்தம்மா எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "நீங்க வேற யாருக்காவதுன்னுதானே கேட்டீங்க? ஐயா வேற ஆளா?"

அண்ணி மூலைக்குப் போய் ஐயா முன்னாடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. அவர் கை சீட்டைத் தேடுச்சு. அண்ணி சீட்டுக் கட்டைத் தள்ளி வச்சாங்க.

"ஐயா, மணி நாலு அம்பது. 'இந்தம்மா எடுக்கலை'ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளி நம்புவார். எழுத வேண்டாம். வாயால சொல்லுங்க."

அவர் அட்டைக்காரம்மாவைப் பார்த்தார். அந்தம்மாவும் அவரைப் பார்த்தாங்க. அந்த முகத்துல கோபமே இல்லை, அதான் எனக்குத் தாங்கலை. அவர் சொல்லுவாருன்னு முழுசா நம்பி நின்னுக்கிட்டு இருந்தாங்க.

ஐயா வாயைத் திறந்தார். 'டக்'னு ஒரு சத்தம். அப்புறம் விசில் அடிச்சுக்கிட்டே ஒரு குரல் வந்துச்சு.

"இந்தம்மா எழுக்கலை. நான்ழான் எழுத்தேன்."

மேல் வரிசையும் கீழ் வரிசையும் புத்தம் புதுசு. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிச்சு. நேத்து காலையில கிளினிக்ல அந்தப் பொண்ணு "சார், உங்க பல் செட் ரெடி"ன்னு கூப்பிட்டப்போதான், இந்தப் பொருள் நம்ம பக்கத்துல இல்லையேன்னு இவருக்கு உறைச்சுதாம். பதினோரு மாசம் ஊர் ஊரா ஆள் விட்டு அந்த வார்த்தையைத் தேடினவர். ஒரு பொருள் மட்டும் விட்டுப்போய், அது கடைசியில அவர் வாய்க்குள்ளேயே வந்து உட்கார்ந்துக்கிச்சு.

அவர் விசிலுக்கு நடுவுல சொன்னது இதுதான். நாற்காலியை விடுறேன்னு சவால் விட்டாச்சு. தப்பை ஒத்துக்க வெக்கம். அட்டையைக் காணோம்னா பக்கம் ரெண்டு நாள் நிக்கும், அதுக்குள்ள புதுப் பொருளைச் சத்தமில்லாம சேர்த்துட்டு, அட்டையும் தானா கிடைச்ச மாதிரி காட்டிடலாம்னு கணக்குப் போட்டார். முதலாளி இந்தம்மா மேல பாய்வார்னு நினைக்கவே இல்லை. பாய்ஞ்சப்புறம் வாயைத் திறந்தா பல் செட் தெரிஞ்சிடும்.

"ஏன் அந்த ஒரு அட்டையை எழுதி வச்சீங்க? அது இல்லைன்னா உங்களைப் பிடிச்சிருக்கவே முடியாதே" என்று கேட்டேன். எனக்கு நிஜமாவே புரியலை.

"கேட்ட வார்த்தையை எப்படிங்க எழுதாம விடுறது?" என்றார். "இடத்தை மாத்தி எழுதலாம்னுகூட நினைச்சேன். கை வரலை."

"செட் ஆகலைன்னு சொல்லுங்க" என்றேன். "அதுக்கு அட்டை இருக்கா?"

"முந்நூத்தித் தொண்ணூறு" என்றார் சிவப்புப் பேனா.

முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியலை. விழுந்து விழுந்து சிரிச்சார். சிரிச்சு முடிச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "சரி சரி, நாற்காலியை எல்லாம் விட வேண்டாம்யா, பல்லைப் பத்திரமா வச்சுக்க" என்றார். அட்டைக்காரம்மா பக்கம் திரும்பி, போற போக்குல, "நீங்களும் வருத்தப்படாதீங்கம்மா. ஏதோ அவசரத்துல சொல்லிட்டேன். நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க" என்று சட்டையைச் சரி பண்ணிக்கிட்டுக் கிளம்பினார்.

"சார்" என்றாங்க அந்தம்மா.

அவர் நின்னார். நாங்க எல்லாருமே நின்னோம்.

அவங்க கண்ணுல அப்பதான் தண்ணி வந்துச்சு. காலையில இருந்து வராதது, பொலபொலன்னு கொட்டுச்சு. துடைச்சுக்கவே இல்லை.

"நாளைக்கு நான் வர்றது இருக்கட்டும். பத்து மணிக்கு மிஷின் ஓடணும்னா, இந்த நானூத்திப் பதிமூணும் இன்னிக்கே வரிசைக்கு வரணும், பக்கத்தோட ஒத்துப் பார்க்கணும். நான் தனியாப் பண்ண மாட்டேன். என்னைத் திருடின்னு சொன்னவரும் உட்காரணும், சொல்லும்போது பார்த்துக்கிட்டு இருந்தவரும் உட்காரணும்."

"நானா? எனக்கு இதெல்லாம் தெரியாதேம்மா" என்றார் முதலாளி.

"சொல்லித் தர்றேன். உட்காருங்க."

உட்கார்ந்தார். ஐயாவும் நாற்காலியை இழுத்துக்கிட்டு வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். அந்தம்மா அட்டைக் கட்டை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பேர் முன்னாடியும் வச்சாங்க. அப்புறம் ஐயா பக்கத்துலயே நின்னாங்க.

"ஐயா, நேத்து சாவி கேட்டீங்க. எதுக்குன்னு நான் கேட்டேனா?"

"கேக்கலைம்மா."

"பத்தொன்பது வருஷத்துல ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?"

அவர் இல்லைன்னு தலையை ஆட்டினார்.

"இனிமே கேப்பேன்" என்று சொல்லிட்டு, அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு முதல் அட்டையை எடுத்தாங்க.